ஒரு பள்ளியை மூடிய விதம்: ஐந்து மாதச் சேவைக்கு ஒரு பெற்றோரின் மதிப்புரை

அமெரிக்காவில் என் மகள் மூன்று ஆண்டுகள் படித்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி, அவள் பதினோராம் வகுப்பை முடித்த ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. மூடிய பள்ளிக்கு எதற்கு மதிப்புரை என்று என் மனைவியே கேட்டார். இனி அங்கே எவரும் சேரப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அறிவிப்பு வந்த பிப்ரவரியிலிருந்து கதவு பூட்டப்பட்ட ஜூன் வரை நாங்கள் மாதந்தோறும் கட்டணம் செலுத்தினோம். அந்த ஐந்து மாதங்களில் எங்களுக்கு ஒரு சேவை வழங்கப்பட்டது. பள்ளியை நடத்துவதைப் போலவே மூடுவதையும் ஒழுங்காகச் செய்யலாம், அலங்கோலமாகவும் செய்யலாம். எங்களுக்கு இரண்டுமே ஒரே கட்டடத்துக்குள் கிடைத்தன. பள்ளியின் பெயரையும், அதை நடத்திய மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபைப் பகுதி) பெயரையும் இங்கே எழுதவில்லை. எங்கள் ஆசிரியர்களில் சிலர் இப்போது அதே மறைமாவட்டத்தின் வேறு பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். என் கோபத்துக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

நாங்கள் கத்தோலிக்கர்கள் அல்லர். சிறிய வகுப்புகள், ஒவ்வொரு மாணவியையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர்கள், வீட்டுப்பாடத்தில் கண்டிப்பு ஆகியவற்றுக்காகவே மகளை அங்கே சேர்த்தோம். அந்த மூன்றும் சொன்னபடியே கிடைத்தன என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். கல்வியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூடுவதற்கான காரணமாக மறைமாவட்டம் அனுப்பிய கடிதத்தில் இருந்தவை இரண்டு சொற்றொடர்கள் மட்டுமே: மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது, நிதிநிலை தாங்கவில்லை. பொய்யில்லை, ஆனால் நோயாளியின் வீட்டாரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி அனுப்புவதைப் போன்றது அது. உள்ளபடி நடந்ததை அறிய வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பால்டிமோரில் 1884-இல் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கும் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகம்) தனக்கென ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று விதித்தது. குடியேறி வந்த ஏழைக் கத்தோலிக்கர்களால் அந்த விதியை நிறைவேற்ற முடிந்ததற்கு முதன்மையான காரணம், வகுப்பறைகளில் நின்றவர்கள் சொற்பப் படியைப் பெற்றுக்கொண்டு உழைத்த அருட்சகோதரிகளாகவும் அருட்சகோதரர்களாகவும் இருந்ததே. 1960-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 இலட்சம் மாணவர்கள் படித்தனர். ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்கினர் துறவறத்தார். இன்று பள்ளிகள் 6,000-க்கும் குறைவு, மாணவர்கள் ஏறத்தாழ 17 இலட்சம், ஆசிரியர்களில் துறவறத்தார் 3 விழுக்காடுகூட இல்லை. 1965-இல் ஏறத்தாழ 1,80,000 அருட்சகோதரிகள் இருந்த நாட்டில் இப்போது 40,000 பேர்கூட இல்லை. அவர்கள் வாங்காமல் விட்ட சம்பளம்தான் இந்தப் பள்ளிகளின் மூலதனமாக இருந்தது. அது தீர்ந்தபோது பெற்றோரின் கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியபோது யாருக்காகப் பள்ளி கட்டப்பட்டதோ அந்தக் குடும்பங்கள் விலகின. எங்கள் பள்ளியில் நான் பார்த்ததும் இதுவே. நுழைவாயிலில் தொங்கிய பழைய பட்டமளிப்புப் படங்களில் முகங்களை எண்ணவே முடியாது. கடைசிப் படத்தில் இருந்தவர்களின் பெயர்களை என் மகள் மூச்சு விடாமல் சொல்வாள்.

ஆகவே மூடியதற்காக மறைமாவட்டத்தின் மேல் நான் குற்றம் சாட்டவில்லை. என் குறை வேறு. அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பள்ளிகளை மூடிக்கொண்டே வருகிறது; இந்த வேலையில் அதற்கு இருக்கும் அனுபவம் எவருக்கும் இராது. 1960-களில் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டிருந்த பிலடெல்பியாவின் கார்டினல் டோகர்ட்டி பள்ளி 2010-இல் மூடப்பட்டது. பயிற்றுநர் பாப் ஹர்லியின் கீழ் கூடைப்பந்தில் நாடறிந்த ஜெர்சி சிட்டி புனித அந்தோணியார் பள்ளி, அவர் 2010-இல் கூடைப்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்ட பிறகும், 2017-இல் மூடப்பட்டது. பால்டிமோரில் 1847-இல் தொடங்கி, அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவராக இருந்த நான்சி பெலோசியும் செனட்டராக இருந்த பார்பரா மிக்கல்ஸ்கியும் படித்த நோட்ர டாம் பெண்கள் பள்ளி, 2020 மே மாதத்தில் அறிவித்து ஜூன் இறுதியில் மூடப்பட்டது. பெருந்தொற்று தொடங்கிய அந்த ஓராண்டில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. இத்தனை முறை செய்த ஒரு வேலையை, எங்கள் பள்ளிக்கு வந்தபோது முதன்முறையாகச் செய்பவர்களைப் போலத் தடுமாறிச் செய்ததற்குத்தான் மதிப்பெண் குறைக்கிறேன்.

தடுமாற்றம் முதல் நாளிலேயே தொடங்கியது. அறிவிப்பு மின்னஞ்சலாக வந்தது, அதுவும் வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில். ஆசிரியர்களுக்கு அன்று காலையில்தான் நூலகத்தில் கூட்டி வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பி, எதுவும் நடவாதது போல் பாடத்தைத் தொடங்கிய சிறிது நேரத்தில் பெற்றோருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. பெற்றோர் பிள்ளைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். என் மகள் வேதியியல் ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த நிலையில் செய்தியைப் படித்திருக்கிறாள். தலையை உயர்த்தியபோது ஆசிரியை தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், தனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டதாகவும் சொன்னாள். மாலையில் பள்ளி முடியும் நேரத்தில் எல்லோரையும் அரங்கில் கூட்டி, தலைமையாசிரியையின் வாயால் சொல்ல வைத்திருந்தால் எந்தச் செலவும் கூடியிருக்காது.

அதைவிடப் பெரிய குறை தேதி. அடுத்த கல்வியாண்டுக்கான பதிவுக் கட்டணத்தை ஜனவரியில் எங்களிடம் வாங்கிவிட்டு, பிப்ரவரியில் அடுத்த கல்வியாண்டே இல்லை என்று அறிவித்தார்கள். பணம் வாங்கியபோது முடிவு எடுக்கப்பட்டிருக்கவில்லை என்று பின்னர் விளக்கம் தந்தார்கள்; அப்படியானால் ஒரு நூற்றாண்டைத் தொடப்போன பள்ளியின் முடிவு ஒரே மாதத்துக்குள் எடுக்கப்பட்டது என்று பொருளாகிறது. இரண்டில் எது மேல் என்று எனக்கு விளங்கவில்லை. ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: பிலடெல்பியா உயர்மறைமாவட்டம் ஹாலகன் பெண்கள் பள்ளியையும் மெக்டெவிட் பள்ளியையும் மூடும் முடிவை 2020 நவம்பரிலேயே வெளியிட்டது, மூடியது 2021 ஜூனில். அங்கேயும் கண்ணீர் வடிந்தது, எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் குடும்பங்களுக்கு வேறு பள்ளி தேட ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்தது.

விளையாட்டு அரங்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. நாங்கள் கேட்டது ஒன்றே: கடைசி ஐந்து ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கு. மேடையில் இருந்தவர்கள் எங்கள் வேதனையைப் பகிர்ந்துகொள்வதாக நான்கு முறை சொன்னார்கள், கணக்கைப் பகிர்ந்துகொள்ளவில்லை. கணக்கைக் காட்டினால் பள்ளி பிழைத்துவிடும் என்று நம்பும் அளவுக்கு நாங்கள் வெகுளிகள் அல்லர். ஆனால் 2012 ஜனவரியில் பிலடெல்பியாவில் நான்கு உயர்நிலைப் பள்ளிகளை மூடப் பரிந்துரை வந்தபோது, முன்னாள் மாணவர்களும் கொடையாளர்களும் சில வாரங்களில் நிதி திரட்டிக் கொடுத்ததால் பிப்ரவரியிலேயே நான்கையும் தொடர்ந்து நடத்த முடிவாயிற்று என்பது எல்லோரும் அறிந்த செய்தி. எவ்வளவு குறைகிறது என்று சொன்னால்தானே எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசிக்க முடியும்? எங்களுக்குக் கடைசிவரை ஒரு தொகை சொல்லப்படவில்லை.

இன்னொன்றையும் இதே நிலையில் உள்ளவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஆயரின் நிர்வாக ஆணையால் பாதிக்கப்பட்டவர் அதை மாற்றும்படி முதலில் அவரிடமே எழுத்தில் கேட்க வேண்டும் என்றும், அதற்கு 10 நாள்களே காலக்கெடு என்றும் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1734-ஆம் பிரிவு சொல்கிறது; அதன் பிறகே உரோமைக்கு மேல்முறையீடு. எங்கள் குழுவில் இதை அறிந்த ஒரே மனிதர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர். அவர் எழுந்து பேசிய கூட்டம் நடந்தது அறிவிப்பு வந்து மூன்றாவது வாரத்தில். துக்கத்தில் இருப்பவர்கள் முதல் பத்து நாள்களில் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை.

வேறு பள்ளிக்கு மாறுவதற்கான ஏற்பாடு சுமார். ஒரு சனிக்கிழமை அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகள் எங்கள் உணவுக்கூடத்தில் மேசை போட்டு அமர்ந்தன. கட்டணச் சலுகை தருவதாகச் சொன்னார்கள், சொன்னபடி ஓராண்டுக்குத் தந்தார்கள். சலுகை முடிந்த பிறகு என்ன என்பதற்கு விடை இல்லை. என் மகளுக்கு ஓராண்டுதான் எஞ்சியிருந்ததால் எங்களுக்கு அது பொருட்டாக இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இருந்தது. பொதுப்பள்ளிக்குப் போனவர்களின் இறையியல் பாட மதிப்பெண்கள் விருப்பப் பாடக் கணக்கில் சேர்க்கப்பட்டன. இதை முன்னரே யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பல வீடுகளில் தூக்கம் கெட்டிருக்காது.

இனி ஆசிரியர்கள். இந்த மதிப்புரையில் மனநிறைவோடு எழுத எனக்குக் கிடைத்த ஒரே பகுதி இது. பதினோராம் வகுப்பில் இருக்கும்போது பள்ளி மூடப்படுவது கல்லூரி விண்ணப்பத்துக்கு எவ்வளவு பெரிய இடர் என்பதை நாங்கள் உணர்வதற்கு முன்பே அவர்கள் உணர்ந்துவிட்டார்கள். கல்லூரிகள் கேட்கும் பரிந்துரைக் கடிதங்களைப் பொதுவாகப் பதினோராம் வகுப்பு ஆசிரியர்களே எழுதுகிறார்கள். எழுத வேண்டிய இலையுதிர் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் எங்கே இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, பள்ளி மின்னஞ்சல் முகவரிகளும் ஜூனோடு செத்துவிடும். எனவே ஏப்ரல் மாதத்தில், யாரும் சொல்லாமலே, அந்த வகுப்பு மாணவிகள் அனைவருக்கும் கடிதங்களை எழுதி முடித்து, தங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழிகாட்டு ஆசிரியை, விண்ணப்பத்தோடு கல்லூரிக்கு அனுப்பப்படும் பள்ளி விவரக் குறிப்பின் கடைசிப் பதிப்பைத் தயாரித்து, பள்ளி ஏன் மூடப்பட்டது, அங்கே எந்த உயர்நிலைப் பாடங்கள் நடத்தப்பட்டன, மதிப்பெண் முறை என்ன என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படி கொடுத்தார். அடுத்த ஆண்டு மகள் சேர்ந்த பள்ளியின் அலுவலகத்தில் அந்த ஒரு பக்கத்தை நீட்டியபோது, இப்படியொன்றைத் தாங்கள் பார்த்ததில்லை என்றார்கள்.

இவ்வளவையும் செய்தவர்களின் நிலையைச் சொல்லாமல் விட முடியாது. திருச்சபை நடத்தும் பள்ளிகள் வேலையிழப்புக் காப்பீட்டு வரியிலிருந்து விலக்குப் பெற்றவை. 1981-இல் ஒரு லூத்தரன் பள்ளி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை உறுதி செய்தது. நிர்வாகம் தானாக முன்வந்து சேர்ந்திருந்தால் ஒழிய, பல மாநிலங்களில் வேலை இழக்கும் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியருக்கு அரசின் உதவித்தொகை கிடைக்காது. எங்கள் ஆசிரியர்களுக்கும் கிடைக்காது என்பது மே மாதத்தில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் எவரும் தேர்வுத்தாள் திருத்துவதை நிறுத்தவில்லை; இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கே கற்பித்த கணித ஆசிரியர், தன் வேலைத் தேடலுக்கு விடுப்பு எடுக்காமல், மே மாதப் பொதுத் தேர்வுக்கு மாணவிகளைச் சனிக்கிழமைகளிலும் வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அடுத்த வேலை கிடைத்தது ஆகஸ்டில்.

துக்கத்துக்கென்று மறைமாவட்டம் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. வெளியிலிருந்து இரண்டு உளவள ஆலோசகர்கள் வந்து, இழப்பைக் கையாள்வது எப்படி என்ற மடிப்பிதழைக் கொடுத்து, ஒரு நாள் நூலகத்தில் அமர்ந்திருந்துவிட்டுப் போனார்கள். நல்லவர்கள்தான், அவர்களிடம் போய் அமர்ந்தவர் மிகக் குறைவு. அழுவதற்குப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இடம் இரண்டாம் மாடிப் படிக்கட்டு. அங்கே துப்புரவுப் பணியாளராக இருந்த முதியவர் ஒருவர், கூட்டிப் பெருக்குவதை அந்த நேரத்தில் மட்டும் வேறு பக்கமாக வைத்துக்கொண்டார்.

மார்ச் முதல் முன்னாள் மாணவிகள் வரத் தொடங்கினார்கள். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. துக்கம் விசாரிக்க வருபவர்களைப் போலவே வந்தார்கள். தனியாக வர மாட்டார்கள், இரண்டு மூன்று பேராக வந்து, அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு, நடைவழியில் மெல்ல நடந்து, தங்கள் பழைய பெட்டகத்தின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துத் தொட்டுவிட்டுப் போவார்கள். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் என் மகளை நிறுத்தி, அவளுடைய சீருடைப் பாவாடையின் கட்டத்தைப் பார்த்து, தன் காலத்தில் பச்சை இன்னும் கருமையாக இருந்தது என்று சொல்லிவிட்டு அழுதாராம். வருகிறவர்களை வரவேற்க நிர்வாகம் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. மாணவிகளே மூன்று மூன்று பேராக முறை வைத்து அழைத்துச் சென்றார்கள். இரங்கல் செய்தி சொல்ல வந்தவர்களை இழவு வீட்டுப் பிள்ளைகள் தேற்றி அனுப்பியது போல் இருந்தது அது.

மோதிரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்பினருக்கு வகுப்பு மோதிரம் அணிவிக்கும் வழிபாடு உண்டு. கல்லில் பள்ளிச் சின்னமும் பக்கவாட்டில் பட்டம் பெறும் ஆண்டும் பொறித்திருக்கும். எங்கள் வகுப்பின் மோதிரங்கள் டிசம்பரிலேயே பணம் கட்டி வாங்கப்பட்டவை. மந்திரித்து அணிவிக்கும் நாள் வந்தபோது, மோதிரத்தில் பொறித்த ஆண்டில் அந்தப் பள்ளியில் பட்டமளிப்பே நடக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். விழாவை ரத்து செய்துவிடலாம் என்று ஆயர் இல்லத்திலிருந்து யோசனை வந்ததாகக் கேள்வி. தலைமையாசிரியையான அருட்சகோதரி மறுத்துவிட்டார். சிற்றாலயத்தில் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் முழுமையாகச் சொல்லி அழைத்து, வழக்கத்தைவிட மெதுவாக, அவரே அணிவித்தார். நடக்காத பட்டமளிப்பின் ஆண்டு பொறித்த மோதிரத்தை என் மகள் மறு பள்ளிக்கும் அணிந்து சென்றாள். அங்கே யாரோ கேட்டதற்கு, ஆண்டு சரிதான், பள்ளிதான் காத்திருக்கவில்லை என்று சொன்னாளாம்.

பள்ளியின் கடைசித் திருப்பலி வழிபாட்டுக்கு ஆயர் வந்தார். மறையுரை நீளமாக இருந்தது. முடிவு ஒவ்வொன்றும் ஒரு தொடக்கம் என்ற கருத்தைப் பல வடிவங்களில் சொன்னார். பிள்ளைகள் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்கள். பிறகு பாடகர் குழு பள்ளிப் பாடலைத் தொடங்கியபோது, இரண்டாம் அடியில் குரல்கள் உடைந்து நின்றுபோக, பின்வரிசைகளில் இருந்த முன்னாள் மாணவிகள் எடுத்துப் பாடி முடித்தார்கள். மதிப்பெண் போட வேண்டிய இடம் அதற்கு அடுத்த வாரம்: வகுப்பறைச் சிலுவைகளையும், வெற்றிக் கோப்பைகளையும், புனிதர் சிலைகளையும் என்ன செய்வதென்று எவரும் திட்டமிடவில்லை. மேசை நாற்காலிகளோடு சேர்த்து ஒரு பட்டியல் தயாராயிற்று. பெற்றோர் சிலர் சத்தம் போட்ட பிறகே சிலுவைகள் தனியாக எடுக்கப்பட்டு, அந்தந்த வகுப்பறையில் அதிக காலம் கற்பித்த ஆசிரியருக்கோ அவர் குடும்பத்துக்கோ கொடுக்கப்பட்டன. கோப்பைகளில் பாதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

என் மதிப்பீடு: ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியைக்கும் ஐந்துக்கு ஐந்து. மாற்றுப் பள்ளி ஏற்பாட்டுக்கு மூன்று. அறிவிப்புக்கும் கணக்கு காட்டாததற்கும் ஒன்று; அதுவும், கடைசி நாள்வரை ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்தார்கள் என்பதற்காக.

இதே நிலைக்கு வரப்போகும் பெற்றோருக்கு நடைமுறையாகச் சில சொல்கிறேன். அறிவிப்பு வந்த வாரத்திலேயே, முத்திரையிட்டு உறையிலிட்ட மதிப்பெண் சான்றுகள் ஐந்தாறு படிகள் கேட்டு வாங்குங்கள். மூடிய பிறகு ஆவணங்கள் மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போய்விடும், அங்கிருந்து எங்களுக்கு ஒரு படி வர ஏழு வாரங்கள் ஆயின. பரிந்துரைக் கடிதத்தைப் பள்ளி மின்னஞ்சல் வழியாக அல்லாமல் ஆசிரியரின் சொந்த முகவரியிலிருந்து ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை, சமூகச் சேவை நேரப் பதிவு, விளையாட்டுத் தகுதிச் சான்று ஆகியவற்றின் நகல் கையில் இருக்கட்டும். செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ரசீதை எடுத்து வையுங்கள்.

ஜனவரியில் வாங்கிய பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக ஜூன் மாதக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நாங்கள் மூன்று முறை எழுதிவிட்டோம். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வரி விடை மூன்று முறையும் வந்தது. பணம் வந்தால் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.